திண்ணைக் கணக்கும் களத்துக் கணக்கும்

அரிச்சுவடி முடித்து, பொன்னிலக்கம் ஒப்பித்து முடித்த பையனுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அடுத்து வந்தது நெல்லிலக்கம். அதில் கதை கிடையாது, நீதி கிடையாது. நெல் அளக்கும் அளவைகள் சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறிக்கொண்டே போகும். பையன் அவற்றைக் கூட்டிக் கூட்டிச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூல் தரும் வாய்பாட்டின்படி 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. களத்தில் அதற்குப் பெயர் மரக்கால். 2 குறுணி பதக்கு, 2 பதக்கு தூணி, 3 தூணி கலம். பெருக்கிப் பார்த்தால் ஒரு கலத்துக்கு 13,82,400 நெல்மணி. எவனும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் எண்ண முடியும் என்ற துணிச்சல் அந்த வாய்பாட்டில் இருக்கிறது.

இதைப் படிக்கத் தூண்டியது ஓர் ஆங்கிலப் புத்தகம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த து. செந்தில்பாபு எழுதி, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 2022இல் வெளியிட்ட 'மேத்தமெடிக்ஸ் அண்ட் சொசைட்டி'. தென்னிந்தியாவில் எண்ணும் அளவையும் எப்படிப் புழங்கின என்பதுதான் அதன் பொருள். அட்டையைப் பார்த்தால் கணித வரலாறு என்று தோன்றும். என் வாசிப்பில் அது மொழிக்கல்வி வரலாறும்கூட. திண்ணையில் எழுத்துக்கு ஒரு வகுப்பு, எண்ணுக்கு ஒரு வகுப்பு என்று இருந்ததில்லை. ஒரே வாத்தியார், ஒரே மணல், ஒரே குரல். 'அ' எழுதிய விரல்தான் முந்திரியும் எழுதியது. முந்திரி என்றால் 320இல் ஒன்று. அதற்கு மேலே 160இல் ஒன்று அரைக்காணி, 80இல் ஒன்று காணி, 20இல் ஒன்று மா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி உண்டு. இந்தப் பின்னங்களைப் பெயரோடும் குறியோடும் கற்ற பிள்ளைக்கு நிலம் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை: எங்கள் பக்கத்து வேலி நிலத்தில் 20இல் ஒரு பங்கும் மாதான்.

மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. செந்தில்பாபு அதை முதலில் உடைக்கிறார். திண்ணையில் நினைவு என்பது சரக்கை அடுக்கி வைக்கும் கிடங்காக இல்லை. அதுவே வேலை செய்யும் கருவியாக இருந்தது. எண்சுவடியில் ஒரு வாய்பாடு முடிந்ததும் அதிலுள்ள விடைகளின் மொத்தத் தொகையையும் சொல்ல வேண்டும். நடுவில் எங்காவது தவறினால் தொகை காட்டிக் கொடுத்துவிடும். மூத்த பையனான சட்டாம்பிள்ளை முறை சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திரும்பச் சொல்வதில் காது ஒரு தணிக்கையாளராக உட்கார்ந்திருந்தது. கையில் ஏடு இல்லாமல், களத்துமேட்டில் நின்றுகொண்டு, வாரத்தையும் கூலியையும் காணிக்கையையும் பங்கிட்டுச் சொல்லக்கூடிய ஆளை உருவாக்குவதற்கு அதைவிடச் சிக்கனமான வழி இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளை எத்தனை என்று சொல்லும் கணக்கு ஒன்று கணக்கதிகாரத்தில் வரும். காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பழத்தை வெட்டிச் சரிபார்த்தவர்கள் சொல்வது ஆளுக்கொரு மாதிரி. அதை எழுதிய சோழநாட்டுக் கொறுக்கையூர்க் காரிநாயனாரை அதற்காக நான் குறை சொல்ல மாட்டேன். பையனின் கண்ணைச் சுவடியிலிருந்து பழத்துக்குத் திருப்பியதே பாதி வேலை. இந்தக் கணக்கதிகாரத்தின் பல சுவடிகளைச் சேர்த்துத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் தொகுப்பு நூலாக வெளியிட்டது. வடமொழிச் சுவடிகள் குவிந்திருக்கும் அந்த நூலகத்தில் தமிழ்ச் சுவடிகளே சிறுபான்மை; அந்தச் சிறுபான்மைக்குள்ளும் கணக்குச் சுவடிகளைத் தேடி வருகிறவர்கள் மிகச் சிலர். இலக்கியக்காரர்கள் அதைக் கணக்கு என்று தள்ளினார்கள், கணக்குக்காரர்கள் அதைத் தமிழ் என்று தள்ளினார்கள்.

திண்ணைப் பள்ளியைப் பற்றி உருகி எழுதும் ஒரு மரபும் நம்மிடம் உண்டு. அதற்குச் சான்றாக எப்போதும் வருவது சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்ட பள்ளிக் கணக்கு. தஞ்சாவூர் மாவட்டத்தில் 884 பள்ளிகள், 109 கல்லூரிகள் என்று அதில் பதிவு. காந்தியவாதி தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் திரட்டிப் புத்தகமாக வெளியிட்டபோது, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இங்கே கல்வி செழித்திருந்தது என்ற வாதத்துக்கு அது பெரிய துணையாக அமைந்தது. வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த அட்டவணைகளில் பிராமணர் அல்லாத பிள்ளைகள் ஏராளம். ஆனால் 884 திண்ணைக்கும் கீழே ஒரு தரை இருந்தது. அந்தத் தரையில் நின்றவர்களின் பிள்ளைகள் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் வருகிறார்கள் என்று தேடினால் கை வெறுமனே திரும்பும். பெண்பிள்ளைகளும் அப்படித்தான், கோயில் நாட்டியத்துக்கு விடப்பட்ட குடும்பத்துப் பெண்கள் விலக்கு.

வாத்தியாருக்குச் சம்பளம் நெல். அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு வீடு இத்தனை மரக்கால். அந்த நெல்லை நட்டு, களை பறித்து, அறுத்து, அடித்துத் தூற்றிக் கொடுத்த பள்ளர், பறையர் குடும்பத்துப் பிள்ளைக்குத் திண்ணையில் இடம் இல்லை. நெல்லால் நடந்த பள்ளி, நெல்லைக் கணக்கிடக் கற்றுக்கொடுத்த பள்ளி, நெல்லை விளைவித்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்திய பள்ளி. இது மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லாமல் திண்ணைக் கல்வியின் அழகைப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. செந்தில்பாபுவின் புத்தகத்தை நான் மதிப்பதற்குக் காரணம், கணக்கு எழுதியவனை மட்டும் பார்க்காமல் கோல் பிடித்து அளந்தவன், மண் சுமந்தவன் பக்கமும் அது திரும்பிப் பார்க்கிறது என்பது. எழுத்து நடை சில இடங்களில் கல்லும் முள்ளும்தான். பொறுமையாக நடக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த ஒருவர் இந்தத் திண்ணைப் பாடத்தில் உட்கார்ந்ததைப் பார்க்கத் தரங்கம்பாடிக்கு வருவோம். 1706 ஜூலை 9ஆம் தேதி டேனிஷ் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன் லுத்தரன் பாதிரியார் சீகன்பால்குக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. எழுபது வயதுத் திண்ணை வாத்தியார் ஒருவரை அமர்த்தி, அவருடைய பள்ளியையே தன் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார். கூட வந்த புளூட்சாவும் அவரும் சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். ஜெர்மனியில் பல்கலைக்கழகம் பார்த்த இருபத்து மூன்று வயது ஆள், டெல்டாக் கடற்கரையில் 'அ' போட்ட காட்சியை நம் இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது அவர் அச்சடித்த பைபிளைவிட முக்கியமாகத் தெரிகிறது. அவர் வாத்தியாரிடம் இலக்கணம் கேட்கவில்லை, முதலில் பிள்ளைகள் கற்கும் முறையைக் கேட்டார்.

ஓராண்டு இரண்டாண்டுக்குள் அவர் தமிழ்ச் சுவடிகளைத் தேடி வாங்க ஆரம்பித்தார். உள்நாட்டு ஊர்களுக்கு ஆள் அனுப்பி, பிராமண விதவைகளிடமிருந்து சுவடிகளை மலிவாக வாங்கியதாக அவரே எழுதுகிறார். 1708இல் தன் சேகரிப்புக்கு அவர் தயாரித்த விளக்கப் பட்டியல்தான் 'பிப்லியோதேக்கா மலபாரிக்கா'. வில் சுவீட்மனும் இர. இலக்குவனும் சேர்ந்து 2012இல் அதை ஆங்கிலத்தில் பதிப்பித்தார்கள். புதுச்சேரியிலிருந்தே வந்த நூல். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு தஞ்சைக் கடற்கரை ஊரில் கையில் கிடைத்த தமிழ் நூல்கள் எவை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி இல்லை. நீதிநூல்கள், நிகண்டு, சைவம், அம்மானை, மருத்துவம் என்று கலந்து கிடக்கின்றன. சங்க இலக்கியம் அந்தப் பட்டியலில் தலைகாட்டவில்லை. அதை வைத்து நம் தமிழ்ப் பெருமிதம் கொஞ்சம் சங்கடப்பட்டால் பரவாயில்லை.

சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. டேனியல் ஜெயராஜ் 2010இல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விரிவான முன்னுரையோடு கொண்டுவந்தார். இதற்கு 160 ஆண்டுக்கு மேல் முன்பே முத்துக்குளித்துறையில் என்றிக்கே பாதிரியார் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய இலக்கணம் நெடுங்காலம் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் அதை 2013இல்தான் ஆங்கிலத்தில் வெளியே எடுத்தார்கள். இந்த இலக்கணங்களை நம் இலக்கண மரபோடு ஒப்பிட்டு, நன்னூல் இதைவிட நுட்பமானது என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் நன்னூல் செய்யாத ஒன்றை இவை செய்தன. கடைத்தெருவில், துறைமுகத்தில், சமையல்கட்டில் ஆட்கள் பேசிய தமிழை உட்கார்ந்து எழுதி வைத்தன. பேச்சுக்கும் ஒழுங்கு உண்டு, அதையும் விதியாகச் சொல்லலாம் என்று நினைத்தவர்கள் அந்தப் பேச்சு தெரியாதவர்கள்தான். தெரிந்தவர்களுக்கு அந்தத் தேவை ஏற்படவில்லை.

கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி. அங்கே இருந்த கத்தோலிக்கப் பாதிரியார் வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு ஒரு கொடுந்தமிழ் இலக்கணமும், செந்தமிழுக்குத் தனி இலக்கணமும், தமிழறிந்த உபதேசியார்களுக்காகத் தொன்னூல் விளக்கமும், தேடிப் பார்க்க எளிதாகச் சதுரகராதியும் எழுதினார். ஒரே மனிதர் நான்கு விதமான மாணவர்களை மனத்தில் வைத்து நான்கு விதமான புத்தகம் செய்திருக்கிறார். மொழி கற்பித்தல் என்ற துறையில் இன்றைக்கும் இது அபூர்வம். எல்லோருக்கும் ஒரே பாடப்புத்தகம் என்பதுதான் நம் வழக்கம். மார்கரித்தா திரெண்ட்டோ 2022இல் பிரில் பதிப்பகம் வழியாக வெளியிட்ட நூல் இந்த ஏலாக்குறிச்சி உலகத்தைத்தான் துருவுகிறது. தேம்பாவணியையும் தொன்னூல் விளக்கத்தையும் தனித்தனிப் படைப்பாகப் பார்க்காமல், உள்ளூர் உபதேசியார்களைப் பேசவும் பாடவும் வாதாடவும் பயிற்றுவித்த ஒரு கல்வித் திட்டத்தின் பகுதிகளாகப் பார்க்கிறார். இப்படிப் பார்த்தவுடன் வீரமாமுனிவர் தனி மேதை என்ற பழைய சித்திரம் கொஞ்சம் மங்கி, அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டு, திருத்தி, பிரதி எடுத்த பெயரில்லாத தமிழர்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம். லுத்தரன்களைத் தாக்கி நூல் மேல் நூல் எழுதியவர் வீரமாமுனிவர். அவர்களுக்கோ அவரைப் பிடிக்காது. ஆனால் புதிதாக வந்து இறங்கும் பாதிரிகளுக்குத் தமிழ் சொல்லித்தர அதைவிட நல்ல புத்தகம் கிடைக்கவில்லை. சண்டை சண்டையாக இருக்கட்டும், பாடப்புத்தகம் பாடப்புத்தகமாக இருக்கட்டும் என்று அச்சடித்துவிட்டார்கள்.

மணலில் எழுதும் முறை இங்கிலாந்துவரை போனது. சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லித் தரும் சட்டாம்பிள்ளை முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார். அங்கே அது 'மெட்ராஸ் முறை' ஆயிற்று. ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் படிப்புச் சொல்லித்தர அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இங்கே அது ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவே இல்லை.

கச்சேரி உத்தியோகம் வந்த பிறகு திண்ணை மாறியது. பவானி ராமன் 2012இல் சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் வழியாக வெளியிட்ட 'டாக்குமென்ட் ராஜ்' அந்த மாற்றத்தைச் சொல்லும் நூல். கம்பெனி ஆட்சிக்குத் தேவைப்பட்டது களத்துமேட்டில் கணக்குச் சொல்லும் நினைவு அல்ல. கையெழுத்து, முத்திரை, நகல், மனு. நினைவில் கணக்கு வைத்திருந்தவனை அந்த ஆட்சி நம்பவில்லை. காகிதத்தை நம்பியது, காகிதத்தைப் பொய்யாக்கத் தெரிந்தவனுக்குப் பயந்தது. மராத்திய மன்னர் சரபோஜி காலத் தஞ்சாவூரில் இதற்கு ஒரு தனிச் சுவை உண்டு: அரண்மனை மராத்தியிலும் மோடி எழுத்திலும் நடந்தது, தெலுங்கும் வடமொழியும் சபையில் இருந்தன, ரெசிடெண்டுக்கு ஆங்கிலம், வயலுக்குத் தமிழ். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்துப் பள்ளியில் பல மொழி கற்பித்தார்கள். வயலில் பேசிய மொழியில் எழுதிய ரசீது மட்டும் வயலுக்கு வரவில்லை.

இலக்கியக் கல்வியின் கதை திருவாவடுதுறை மடத்தில். சாசா எபெலிங் 2010இல் எழுதிய நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கியம் இருண்டு கிடந்தது என்ற பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நடுவில் வைத்து ஒரு புகழ்ச்சிப் பொருளாதாரத்தை விவரிக்கிறது. புலவர் பாடுவார், மடமும் மிராசுதாரும் கொடுப்பார்கள், கொடுத்தவர் பெயர் பாட்டில் நிற்கும். 1871இல் மாயூரத்தில் பிள்ளையிடம் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் தன் வரலாற்றில் எழுதியிருப்பவற்றை இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தால் பாடம் கேட்டதற்குச் சமமாக எங்கே சாப்பாடு, யார் வீட்டில் தங்கல், எப்போது புதுத்துணி என்ற விவரங்கள் நிறைந்திருப்பது தெரியும். பிள்ளை சம்பளம் வாங்காமல் பாடம் சொன்னார், கடனோடு செத்தார். மடத்தின் வயல்கள் விளைந்தால்தான் காப்பியம் நடக்கும் என்ற நிலை. எபெலிங் இந்தப் பொருளாதாரத்தைப் பாடல்களுக்குள்ளிருந்து மிகத் திறமையாக எடுக்கிறார். மடத்து நிலத்தில் உழைத்த பண்ணையாள் வரை அவருடைய கணக்கு இறங்கவில்லை. அது அவர் எடுத்துக்கொண்ட வேலையும் இல்லை, அதனால் குறையாகச் சொல்லாமல் எல்லையாகச் சொல்கிறேன். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் தன் இடத்தைச் சாமிநாதையருக்கு விட்டுக்கொடுக்க, அவர் மாதச் சம்பளத்தோடு கல்லூரிக்குள் நுழைந்தார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

தெரியாத கதை களத்தில் இருக்கிறது. பொலியை அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள், பிறகு ரெண்டு, மூணு. அளக்கிறவர் இழுத்துச் சொல்லும் ராகத்தில் எண் விழுந்துவிடாமல் நிற்கும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நிற்கும் கூலியாளுக்குத் திண்ணை தெரியாது, நெல்லிலக்கம் தெரியாது. ஆனால் மரக்கால் விளிம்போடு தட்டி அளக்கப்படுகிறதா, குவித்து அளக்கப்படுகிறதா, பண்ணைக்கு வரும்போது பெரிய மரக்காலும் கூலிக்குப் போகும்போது சின்ன மரக்காலும் கைமாறுகிறதா, கூலி நெல்லில் பதர் எவ்வளவு என்பதெல்லாம் தெரியும். ஊருக்கு ஊர் மரக்கால் வேறு. வாய்பாட்டில் குறுணி ஒன்றுதான். களத்தில் குறுணி அதை வைத்திருந்தவனின் மனம்போல. கணக்குத் தெரிந்தவன் ஏமாற்றினான் என்று பொதுவாகச் சொல்வது நியாயமாகாது, எழுதி வைத்துக் கொடுத்த நல்ல கணக்கப்பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் கணக்கு யார் கையில் இருந்ததோ அவர் சொன்னதுதான் கலம்.

1940களில் கீழத்தஞ்சையில் எழுந்த விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் கோரிக்கைகளை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பதுதான் எல்லோர் நினைவிலும் இருப்பது. மிராசுதார்களோடு ஏற்பட்ட 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தக் காலக் கோரிக்கைகளில் இன்னும் இரண்டு உண்டு. கூலியும் வாரமும் முத்திரை மரக்காலில் அளக்க வேண்டும். சாகுபடி செய்கிறவனுக்குக் குத்தகை நெல்லுக்கு ரசீது வேண்டும். ஒன்று எண், மற்றது எழுத்து. திண்ணை தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்த இரண்டையும் திண்ணைக்கு வெளியே நின்றவர்கள் உரிமையாகக் கேட்டார்கள். இந்தப் பகுதியில் கல்வியின் வரலாறு எழுதுகிறவர் அந்தக் கோரிக்கைப் பட்டியலை ஒரு பாடத்திட்ட ஆவணமாகவே படிக்கலாம். எனக்குத் தெரிந்து இப்படிப் படிப்பதில் மிகை எதுவும் இல்லை.

அந்த இயக்கத்தைக் கட்டிய பி. சீனிவாசராவ் தென்கன்னடத்துக்காரர். தாய்மொழி கன்னடம். பண்ணையாட்கள் குடியிருந்த தெருக்களில் தங்கி, அவர்கள் போட்ட கூழைக் குடித்து, அவர்கள் பேச்சிலேயே தமிழ் பேசினார். டெல்டாவில் வெளியிலிருந்து வந்து பேச்சுத் தமிழ் கற்றவர்களின் வரிசையில் சீகன்பால்கு, வீரமாமுனிவருக்குப் பிறகு இவரையும் நான் சேர்ப்பேன். இவர் இலக்கணம் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது எந்த லத்தீன் புத்தகத்தையும்விட வேறு மாதிரி இருந்திருக்கும்: அதன் முதல் பாடமே 'முடியாது' என்று சொல்வதாக இருந்திருக்கலாம். பண்ணையார் முன்னால் பண்ணையாள் என்ன சொல்லலாம், எந்தச் சொல்லால் தன்னைக் குறிக்கலாம், துண்டு எங்கே இருக்க வேண்டும் என்பது வரை விதித்திருந்த ஒரு மொழி ஒழுங்கை அந்தக் கூட்டங்கள் கலைத்தன. கேத்லீன் கோ 1951 முதல் 1953 வரை தஞ்சை கிராமங்களில் தங்கி ஆய்வு செய்து எழுதிய நூல்களில் அந்த ஒழுங்கின் தடயங்களும் அது கலைந்துகொண்டிருந்ததன் தடயங்களும் இருக்கின்றன. அவர் மானிடவியலாளர். மொழியியலாளர் யாரும் அப்போது அங்கே பாய் விரித்து உட்காரவில்லை.

1952இல் வந்த தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வாரத்துக்குப் பயிரிடுகிறவனுக்குக் கண்டுமுதலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது. திண்ணைப் பையனிடம் கேட்டால் எட்டுமா என்று சொல்லியிருப்பான். சட்டம் வந்ததும் பலர் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டதும் நடந்தது. கூலி உயர்வுக்கான போராட்டம் முற்றிய காலத்தில், 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மரக்காலுக்கும் படிக்கும் நடந்த சண்டை எதுவரை போகும் என்பதை நெல்லிலக்கம் எந்த வாய்பாட்டிலும் சொல்லித் தரவில்லை.

தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தஞ்சாவூரில் தொடங்கியது. முதல் துணைவேந்தர் வ. அய். சுப்பிரமணியம் மொழியியலாளர், திராவிட மொழியியலுக்கு நாட்டில் அமைப்பு வடிவம் கொடுத்தவர்களில் முதல்வர். வல்லம் சாலையில், நெல் விளையாத செம்மண் மேட்டில், ஏறத்தாழ 1000 ஏக்கர். பழைய கணக்கில் சுமார் 150 வேலி. கட்டடங்களை வானத்திலிருந்து பார்த்தால் 'தமிழ்நாடு' என்று தெரியும்படி அமைத்தார்கள். தரையில் நடக்கிறவனுக்கு அது தெரியாது என்பதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, அந்த ஊருக்குப் போன யாரும் சொல்வதைத்தான் சொல்கிறேன். ஓலைச்சுவடித் துறையும் மொழியியல் துறையும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நெல்லிலக்கம் ஒரு துறையின் பொருள், களத்துப் பேச்சு மற்றதன் பொருள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க அங்கே வசதி இருந்தது, இருக்கிறது. ஆனால் நம் பல்கலைக்கழகங்கள் எங்குமே வட்டார வழக்கு ஆய்வு பெரும்பாலும் வினைவிகுதி, உறவுப்பெயர், சாதிவாரி உச்சரிப்பு என்று ஒரு பழகிய தடத்தில் போகிறது. அளக்கும்போது என்ன பேசினார்கள், பேரம் எப்படிப் பேசினார்கள், கூலி குறைந்தால் அதை எந்தச் சொல்லால் சொன்னார்கள் என்று கேட்ட ஆய்வேடு வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

களம் இன்று போய்விட்டது. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம், மின்னணுத் தராசு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால் அந்த 17 என்ற எண்ணைச் சுற்றித்தான் டெல்டாவின் பேச்சு முழுவதும். பள்ளிக்கூடத்தில் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம்: அட்டை, பாட்டு, விளையாட்டு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லித் தருகிறார்கள். வெண்மணிப் பக்கத்துப் பிள்ளையும் மிராசு வீட்டுப் பிள்ளையும் (மிராசு வீட்டுப் பிள்ளை இன்னும் அரசுப் பள்ளிக்கு வந்தால்) ஒரே பாயில் உட்காரலாம். பாடத்தில் உதாரணத்துக்கு ஆப்பிளும் பந்தும் வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஈரப்பதக் கருவியில் வரும் எண்ணையும் அப்பா வாங்கி வரும் ரசீதையும் நான்காம் வகுப்பிலாவது பாடமாக வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

மேலே சொன்ன ஆய்வுப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நாகப்பட்டினத்திலோ மன்னார்குடியிலோ தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் தன் மாதச் சம்பளத்தில் அவற்றை வரிசையாக வாங்கி வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொன்றையும் முழுதாக மொழிபெயர்த்தே ஆக வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். பாதிப் பக்கம் பிற ஆய்வாளர்களோடு நடத்தும் வாதம், அது நமக்கு வேண்டியதில்லை. வேண்டியது ஒரு தமிழ்ப் பதிப்பு. நெல்லிலக்கச் சுவடியின் பாடம், அதன் குறிகளோடு. பக்கத்தில் ஏலாக்குறிச்சியிலும் தரங்கம்பாடியிலும் பதிவான பேச்சுத் தமிழின் எண்களும் அளவைகளும். அதற்கடுத்து 1940களின் மரக்கால் கோரிக்கை, 1952 சட்டத்தின் பங்குக் கணக்கு, களத்தில் அளந்தவர்கள், அளப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் சொன்ன வாய்மொழி. இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் அவசரம். முத்திரை மரக்கால் கேட்டுக் கொடி பிடித்த தலைமுறை போய்விட்டது. அவர்கள் இடுப்பில் குழந்தையாக அந்தக் களத்துக்குப் போனவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல்.